499... இன்னும் ஒண்ணு எங்கே?

"என்னடா இது, கிழிச்சுப் போட்ட காலண்டர் மாதிரி?"

டி.கல்லுப்பட்டி வீட்டில், பழைய கேரம் போர்டு மேல் நான் கொட்டி வைத்திருந்த 500 அட்டைத் துண்டுகளைப் பார்த்து அப்பா கேட்ட கேள்வி. இதில் விசேஷம் என்னவென்றால், ரிடையர் ஆனதிலிருந்து அவர் என்னிடம் ஒரு நாளைக்கு இரண்டே கேள்விதான் கேட்பார். "கரண்ட் பில் கட்டியாச்சா?", "மோட்டாரை நிறுத்தினியா?" அன்றைக்குத்தான் மூன்றாவது!

கொட்டி வைத்திருந்தது ஜிக்ஸா. அக்கா பையன் பிறந்த நாளுக்கு மதுரையில் வாங்கினேன். "செல்போன் கேம் போதும் மாமா" என்று பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். காசு போட்டது நானாச்சே... நானே உட்கார்ந்துவிட்டேன்.

சின்னப் பசங்க சமாச்சாரம் என்று சிரிக்காதீர்கள், சார். இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே இருக்கிறது! ஸ்பெயினில் வயாடோலிட் என்ற ஊரில் 2019-ல் ஆரம்பித்தார்கள். கொரோனாவில் இரண்டு வருஷம் நின்று, 2022-ல் மறுபடி தொடங்கியது. தனி ஆள் போட்டிக்கு 500 துண்டு. எல்லோருக்கும் ஒரே படம். மணி அடிக்கும்வரை என்ன படம் என்றே தெரியாது. முதல் வருஷம் ஜெயித்தவர் செக் நாட்டு யானா ஹன்செல்கோவா. 2024-ல் நார்வேயின் கிறிஸ்டின் தூவ். ஜெயிப்பவர்களுக்கு ஆகிற நேரம் சுமார் நாற்பது நிமிஷம். நாம் இங்கே பஸ் ஏறித் திருமங்கலத்தில் இறங்குகிற நேரம்! ஒரு துண்டுக்கு ஐந்து செகண்ட். எனக்கு முதல் ஓரத் துண்டு கிடைக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

டீம் போட்டியும் உண்டு. நாலு பேர், ஆயிரம் துண்டில் இரண்டு படம். நம்ம ஊருக்கு நாலு பேரெல்லாம் ஒரு கணக்கா? ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழாவுக்கு மூங்கிலும் வண்ணக் காகிதமுமாக ஊரே சேர்ந்து ஒட்டுகிற கூட்டம் இது!

இதன் பூர்வீகம் லண்டன். 1760-களில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் மேப்பைப் பலகையில் ஒட்டி, தேச எல்லையில் வெட்டி, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க விற்றார். அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1933 ஆரம்பத்தில், வாரத்துக்கு ஒரு கோடி விற்றதாம். வேலை சேரவில்லை, துண்டாவது சேரட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

சூட்சுமம் சுலபம். முதலில் எல்லாத் துண்டையும் படம் தெரியும்படி திருப்பு. ஓரத்தை எடு. பிறகு வீடு, மரம், எழுத்து என்று நிறம்வாரியாகப் பிரி. வானம் கடைசி. அங்கே நிறம் உதவாது, வளைவைப் பார்த்துத்தான் வைக்கணும்.

அந்த வானத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் நாலு துண்டு தானாகச் சேர்ந்திருந்தது! அம்மாவைக் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லையா?"

மறுநாள் ராத்திரி ஆள் சிக்கியது. மூக்குக் கண்ணாடியோடு, டியூப் லைட்டுக்குக் கீழே... அப்பா! ஒரு ரூபாய் டேலி ஆகாவிட்டால் வீட்டுக்கே வராமல் கணக்கு எழுதிய மனுஷர். பி.காம். படித்தும் அவர் சொன்ன பேங்க் வேலைக்குப் போகாமல் பத்திரிகைக்கு எழுத வந்தவன் நான். எங்களுக்குள் டேலி ஆகாதது அதுதான்.

ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்தேன். அப்புறம் தினமும் ராத்திரி ஒரு மணி நேரம். நாலாம் நாள், தலை நிமிராமல் கேட்டார்:

"ஒரு கட்டுரைக்கு என்ன தர்றாங்க?"

சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார்.

"ஓரம். உன் பக்கம்தான் வரும்."

ஒன்பதாம் நாள், படம் முடிந்தது. எண்ணிப் பார்த்தால் 499! நடு வானத்தில் ஓட்டை. பாயை உதறினேன், குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பா சாவகாசமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"கடைசித் துண்டை நீதான் வைக்கணும்னு முதல் நாளே எடுத்து வெச்சிட்டேன்."

வைத்தேன். 'டக்'கென்று உட்கார்ந்தது.

"மோட்டாரை நிறுத்தினியா?" என்று எழுந்தவர், வாசற்படியில் நின்று திரும்பினார்.

"ஏண்டா... ஆயிரம் துண்டு என்ன விலை?"