பழைய மாட்யூலுக்குப் புது உயிர்... லைவ் அப்டேட்டுக்குப் பின்னால் ஒரு சர்வர் கதை!

மேட்ச் நடக்கும்போது ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பீர்கள். ரெஃப்ரெஷ் பண்ணியிருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் பந்து பவுண்டரியைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் 142 என்பது 146 ஆகிவிடும். எப்படி?

இணையம் முதலில் இதற்காகக் கட்டப்பட்டது இல்லை. பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் தரும், அத்தோடு பேச்சு முடிந்தது. கேட்காமல் சர்வர் வாயைத் திறக்காது. அதனால் ஆரம்பத்தில் பிரவுசர்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை 'புதுசா ஏதாவது இருக்கா?' என்று நச்சரித்துக்கொண்டே இருந்தன. அடுத்து வந்தது லாங் போலிங். கேள்வியை வாங்கிக்கொள்ளும் சர்வர், புதுச் செய்தி வரும்வரை ஆளை லைனிலேயே காக்க வைக்கும்.

பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் லைனில் காத்திருந்தால்? ஆளுக்கொரு புராசஸ் ஒதுக்கும் பழைய பாணி சர்வர்கள் மெமரி தீர்ந்து படுத்துவிடும். இதற்குத் தீர்வாக ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்டதுதான் என்ஜின்எக்ஸ். நம்ம ஊர் ஹோட்டல் சர்வர் ஒருத்தரே பத்து டேபிளைப் பார்த்துக்கொள்வார் இல்லையா, அதே டெக்னிக். சில 'வொர்க்கர்'களை வைத்தே ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சமாளிக்கும்.

அதற்கான துணைப் பகுதியாக 2009-10-ல் எழுதப்பட்டது 'என்ஜின்எக்ஸ் ஹெச்டிடிபி புஷ் மாட்யூல்'. இலவசம், ஓப்பன் சோர்ஸ். உங்கள் ஆப் ஒரு சேனலுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும், அங்கே காத்திருக்கும் எல்லோருக்கும் மாட்யூலே பிரித்துக் கொடுத்துவிடும்.

ஆனால் வெளியுலகம் நிற்கவில்லை. 2011 டிசம்பரில் வெப்சாக்கெட் அதிகாரப்பூர்வத் தரநிலை ஆனது. இதில் இணைப்பு திறந்தே இருக்கும், இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். 2013-ல் என்ஜின்எக்ஸே வெப்சாக்கெட் இணைப்புகளைப் பின்னால் இருக்கும் ஆப்புக்குக் கடத்தத் தொடங்கியது. பழைய மாட்யூலுக்கோ போலிங் மட்டும்தான் தெரியும்.

சும்மா கிடக்கும் புரோகிராம் எப்படிக் கெட்டுப்போகும், அது என்ன தோசை மாவா என்று கேட்கலாம். கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த மாட்யூல்கள் சி மொழியில் எழுதப்பட்டு, சர்வரின் உள்ளுறுப்புகளோடு சேர்த்தே கம்பைல் ஆகின்றன. சர்வரின் புது வெர்ஷனில் உள்ளே ஒரு அமைப்பு மாறினாலும் மாட்யூல் கம்பைல் ஆகாமல் போகலாம். அதைவிட மோசம், கம்பைல் ஆகி, நடுராத்திரியில் கிராஷ் ஆவது. ஒரு வொர்க்கர் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை இணைப்பும் அறுந்துவிடும்.

இந்த மாட்யூலுக்கு ஒரு அதிர்ஷ்டம். எழுதியவரே திரும்பி வந்து, 2014 முதல் 2016 வரை அதைப் பெரிய அளவில் மாற்றியமைத்தார். புதுப் பெயர், என்சேன். இப்போது ஒரே சேனலில் ஒருவர் வெப்சாக்கெட்டிலும், இன்னொருவர் ஈவன்ட்சோர்ஸிலும், மூன்றாமவர் பழைய லாங் போலிங்கிலும் கேட்கலாம். மெசேஜ் அனுப்பும் ஆப் அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. லிஃப்ட்டுக்குள் போய் சிக்னல் போனால், ஈவன்ட்சோர்ஸ் முறையில் பிரவுசரே கடைசியாக வந்த மெசேஜின் ஐடியைச் சொல்லி மறுபடி இணையும். சர்வரும் எடுத்து வைத்திருக்கும் மெசேஜ்களை, விட்ட இடத்திலிருந்து கொடுக்கும்.

எல்லா புராஜெக்ட்டுக்கும் எழுதியவர் திரும்பி வருவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் 'நான் பார்த்துக்கறேன்' என்று வந்தால்?

2018-ல் 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்' என்ற பிரபலமான ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் இதுதான் நடந்தது. அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்ட ஆசிரியர், கேட்டு வந்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவரோ கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்துத் திருட்டுப் புரோகிராமை நுழைத்துவிட்டார். 2024 மார்ச்சில் வெளிவந்த 'எக்ஸ்இசட்' விவகாரம் இன்னும் பயங்கரம். தனியாக மல்லுக்கட்டிக் களைத்துப்போன பராமரிப்பாளருக்கு, இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவிய 'ஜியா டான்' என்ற பெயர்தான் பின்கதவு வைத்தது. லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நோண்டப்போய் மாட்டியது.

அதற்காகப் புதிதாக வருபவர்களையெல்லாம் சந்தேகப்பட்டால் ஓப்பன் சோர்ஸ் நடக்காது. பழைய மாட்யூலை எடுத்து நடத்த யாராவது முன்வந்தால், அவர் செய்யும் மாற்றங்களை இன்னொரு ஜோடிக் கண்ணாவது பார்க்கிறதா, டெஸ்ட்கள் எல்லோருக்கும் தெரியும்படி ஓடுகிறதா, ரிலீஸ் பண்ணும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று கேட்பது தப்பே இல்லை.

உங்கள் ஆபீஸில் என்ஜின்எக்ஸ் ஓடுகிறதா? கமாண்ட் லைனில் அதன் பெயரோடு, பெரிய எழுத்து 'வி' ஆப்ஷனைக் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்த வெளி மாட்யூல்களைச் சேர்த்து கம்பைல் செய்தார்கள் என்ற விவரம் அதில் வரும். ஒவ்வொன்றையும் தேடி, கடைசி அப்டேட் எந்த வருடம் என்று பாருங்கள். டீ பிரேக்கில் முடிந்துவிடும் வேலைதான்.