வைஃபை கேட்கும் அக்காவின் பாஸ்வேர்டு

திரையில் வீட்டு ரூட்டரின் பெயர் தெரிகிறது. சிக்னல் முழுசாக இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டையும் பிழையில்லாமல் அடித்தாயிற்று. அப்புறமும் ஒரு பெட்டி எழும்பி வந்து இன்னொரு பாஸ்வேர்டு கேட்கிறது. எல்லா யூசர்களுக்குமான நெட்வொர்க் அமைப்பை மாற்ற இந்தக் கணினியின் கொள்கை இடம் தரவில்லை, அட்மின் வந்தால்தான் ஆகும் என்கிறது. அந்த அட்மின், லேப்டாப்பை முதலில் வாங்கிய அக்கா. அக்காவோ கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அரசு கொடுத்த லேப்டாப் அக்காவிடமிருந்து தம்பிக்கு இறங்கிய எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆவடியில் திருவள்ளூர் லோக்கல் ரயில் பிடித்தால் எட்டிவிடக்கூடிய காக்களூரில்தான், 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழக அரசு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கப்பட்ட அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏறி வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது.

அக்காவுக்குத் திறந்த கதவு தம்பிக்கு ஏன் திறப்பதில்லை? டெபியனை நிறுவும்போது உருவாகும் முதல் யூசரை, அது தானாகவே சில குழுக்களில் சேர்த்துவிடும். ஒலிக்கு ஒரு குழு, வீடியோவுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு 'நெட்டெவ்' என்று ஒன்று. பின்னால் சேர்க்கப்படும் இரண்டாவது யூசருக்கு இந்தச் சலுகை வழக்கமாகக் கிடையாது. ஒரே லேப்டாப், ஒரே வைஃபை. ஆனால் தம்பியின் பெயர் பட்டியலில் இல்லை.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு வரலாறு உண்டு. லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஒரு பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. யூனிக்ஸ் முறையில் நெட்வொர்க் அமைப்பைத் தொடும் உரிமை 'ரூட்' என்ற ஒரே ஒருவருக்குத்தான். இடம் மாறுந்தோறும் புது வைஃபை தேடும் லேப்டாப்புக்கு அந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை. 2004-இல் ரெட் ஹேட் நிறுவனம் தொடங்கிய 'நெட்வொர்க்மேனேஜர்' இதற்கு ஒரு வழி கண்டது. ரூட் அதிகாரத்தோடு பின்னணியில் அது ஓடும். யூசர் அதனிடம் வேண்டுகோள் மட்டும் வைப்பார். அந்த வேண்டுகோளை ஏற்கலாமா என்று முடிவு செய்வது 'போல்கிட்' என்ற இன்னொரு நிரல்.

அம்பத்தூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். மோட்டார் ரூம் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. யாராவது கேட்டால் அவர் சங்கத்தின் நோட்டைப் புரட்டுவார். என்ன வேலை? கேட்பது யார்? நேரில் வந்து நிற்கிறாரா, வெளியூரிலிருந்து போனில் கேட்கிறாரா? போல்கிட் கேட்பதும் இதே மூன்று கேள்விகள்தான்.

மூன்றாவது கேள்வியில் பலர் சறுக்குகிறார்கள். தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில், திரையும் கீபோர்டும் இல்லாத ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 அக்டோபரிலிருந்து ராஸ்பெர்ரி பையின் இயங்குதளமும் நெட்வொர்க்மேனேஜருக்கு மாறிவிட்டது. மேஜையில் உட்கார்ந்தபடி தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக அதற்குள் போய் வைஃபையை மாற்றப் பார்த்தால், அனுமதி இல்லை என்று பதில் வரக்கூடும். போர்டின் முன்னால் நேரில் உட்கார்ந்தால் கிடைக்கும் உரிமை தொலைவிலிருந்து வருபவருக்குக் கிடைப்பதில்லை. அங்கே கட்டளைக்கு முன்னால், அதை ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் 'சூடோ'வைப் போட்டாக வேண்டும்.

வைஃபை வரவில்லை என்றாலே அனுமதிச் சிக்கல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்தால், வைஃபை ரேடியோ பட்டனால் அணைந்திருக்கிறதா, மென்பொருளால் அணைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வைஃபை பட்டியலில் ஒரு நெட்வொர்க்கும் தெரியாவிட்டால், வைஃபை சிப்பை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் இல்லாமல் இருக்கலாம். கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேரை டெபியன் தன் வழக்கமான நிறுவல் கோப்பில் சேர்த்ததே 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான்.

நெட்வொர்க் பெயர்கள் தெரிந்து, இணையும்போது மட்டும் தடை வந்தால்தான் அனுமதியின் பக்கம் திரும்ப வேண்டும். 'என்எம்சிஎல்ஐ ஜெனரல் பெர்மிஷன்ஸ்' என்ற கட்டளை, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே உண்டு, இல்லை, பாஸ்வேர்டு வேண்டும் என்று மூன்றில் ஒரு பதிலைக் காட்டும். 'ஐடி' என்ற கட்டளை, யூசர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று சொல்லும். அதில் 'நெட்டெவ்' இல்லையா? அட்மின் 'யூசர்மாட்' கட்டளையால் சேர்த்துவிடலாம்.

அங்கே ஒரு குழி இருக்கிறது. அந்தக் கட்டளையில் சின்ன 'ஏ'யும் பெரிய 'ஜி'யும் சேர்ந்து வர வேண்டும். அவசரத்தில் 'ஏ'யை விட்டுவிட்டால், புதுக் குழுவில் சேர்த்த கையோடு பழைய கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் யூசரை நீக்கிவிடும். அவற்றில் 'சூடோ' குழுவும் இருந்தால், வைஃபை சரிசெய்ய வந்தவரின் அட்மின் அதிகாரமே போய்விடும். இன்னொன்று, குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை லாக்-அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். அதுவரை ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுக்குப் புது உரிமை தெரியாது.

இந்தக் கெடுபிடியால் எரிச்சலடைந்தவர்களில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் ஒருவர். வைஃபை சேர்ப்பதற்கெல்லாம் ரூட் பாஸ்வேர்டு கேட்பது அபத்தம் என்று ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வகையை உருவாக்குபவர்களோடு வாரக்கணக்கில் வாதாடினார். 2012 பிப்ரவரியில், பள்ளிக்கூடத்துப் பிரிண்டரைச் சேர்க்க முடியவில்லை என்று மகள் போன் செய்தபோது, பொறுமையிழந்து பொதுவெளியிலேயே காய்ச்சி எடுத்தார்.

அதற்காகப் பூட்டே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நூலகத்திலோ கல்லூரி லேபிலோ பத்துப் பேர் மாறி மாறி உட்காரும் கணினியில், ஒருவர் மாற்றும் நெட்வொர்க் அமைப்பு மற்ற ஒன்பது பேரையும் பாதிக்கும். பாஸ்வேர்டு தொல்லை தாங்காமல் எப்போதும் ரூட்டாகவே நுழைவது அதைவிட ஆபத்து.

ஓசூருக்குப் போன் போடாமலேயே தம்பி தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. இணைப்பின் அமைப்புப் பக்கத்தில், எல்லா யூசர்களும் இதில் இணையலாம் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் அந்த வைஃபை தம்பிக்கு மட்டுமான சொந்த இணைப்பாகிவிடும். நேரில் உட்கார்ந்து தன் இணைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் யூசரிடம் நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாக அட்மின் பாஸ்வேர்டு கேட்பதில்லை.