ஆடையின் விலையும் ஆற்றின் விலையும்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உடையை உலகுக்கு வழங்கும் பேறு கொங்கு நாட்டிற்கு வாய்த்துள்ளது. கோவை வட்டாரத்தில் நூற்ற நூல் திருப்பூரில் பின்னலாடையாகி, கடல் கடந்து, முகமறியா மாந்தரின் தோளில் ஏறுகிறது. பருத்திக் காட்டில் தொடங்கிப் பயன்படுத்துவோர் கையில் முடியும் இந்நெடும் பயணத்தை மேலாண்மையியலார் ‘வழங்கல் சங்கிலி’ என்பர். அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு செலவு உண்டு. அச்செலவுகளின் கூட்டே பொருளின் விலை என்று நாம் கருதுகிறோம். ஆனால் எல்லாச் செலவும் விலையில் சேர்கிறதா? சேராத செலவைச் சுமப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு நொய்யல் ஆறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நொய்யற்கரையின் தொழில் மரபு

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல். காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணம் இவ்வாற்றின் கரையிலுள்ள இன்றைய கொடுமணலே என்பர் அறிஞர். மணிகளும் இரும்பும் செய்த தொழிற்கூடங்கள் அங்கு இருந்ததை அகழாய்வு மெய்ப்பித்துள்ளது. எனவே, தொலைநாட்டு வாணிகம் இக்கரைக்குப் புதியதன்று.

1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலையை நிறுவினார். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1925 அளவில் திருப்பூரில் தொடங்கிய பனியன் தொழில் நெடுநாள் உள்நாட்டுச் சந்தையையே நம்பியிருந்தது. 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர் நேரே வந்து கொள்முதல் செய்யத் தொடங்கியபின் அதன் போக்கே மாறிற்று. இன்று இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு இவ்வூரினுடையது.

சங்கிலியின் கண்ணிகள்

ஒரு பனியன் உருவாகும் முறையைக் காண்போம். பஞ்சு அரைத்தல், நூற்றல், பின்னுதல், சலவை, சாயமேற்றல், துணியைச் சீர்செய்தல், அச்சிடுதல், வெட்டுதல், தைத்தல், காஜா பட்டன், சரிபார்த்தல், இஸ்திரி, பொதிதல் என வேலைகள் பல. இவை யாவும் ஒரே கூரையின் கீழ் நிகழ்வது அருமை. பின்னுவோர் ஒருவர், சாயமேற்றுவோர் மற்றொருவர், ‘பவர் டேபிள்’ வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுப்போர் பிறிதொருவர்.

இப்பிரிவினையை ஆராய்ந்த பமேலா காதோர்ன் என்னும் ஆய்வாளர், திருப்பூர் நிறுவனங்கள் அமீபாவைப்போல் ஒன்று பலவாகப் பிரிந்தே வளர்கின்றன என்று விளக்கினார். உழவர் குடியில் பிறந்து, தொழிலாளராய் நுழைந்து, முதலாளியாய் உயர்ந்தோரின் வரலாற்றை ஷரத் சாரி 2004-இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். சிறு முதலுடன் பலர் தொழில் தொடங்க முடிந்தது இவ்வமைப்பின் சிறப்பு. ஆனால், ஒவ்வொருவரும் தம் கண்ணியை மட்டும் மேலாண்மை செய்ய, முழுச் சங்கிலிக்கும் பொறுப்பேற்பார் ஒருவரும் இலர் என்பது இதன் குறை. அக்குறை முதலில் வெளிப்பட்ட இடம் சாயப்பட்டறை.

நிறம் போயிற்று, உவர்ப்பு போகவில்லை

பருத்திக்கு ஏற்றப்படும் ரியாக்டிவ் சாயத்திற்கு உப்பு இன்றியமையாதது. நீரில் நனைந்த பருத்தி இழையும் எதிர்மின்னேற்றம் உடையது, சாயமும் அத்தகையதே. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கலைத் தணித்துச் சாயத்தை இழையோடு நெருங்கச் செய்வது உப்பு. பின்னர்ச் சேர்க்கப்படும் சோடா ஆஷ் சாயத்தை இழையோடு பிணைக்கிறது. பணி முடிந்தபின் உப்பு துணியில் தங்குவதில்லை, அழிவதும் இல்லை. இட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு எனக் கொள்வோம். அப்போது ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு தேவைப்படும். இருபது லிட்டர் நீர் கொள்ளும் பழைய எந்திரமாயின் அதுவே 1,200 கிராம் ஆகும். ஆக, எந்த எந்திரத்தை வாங்குவது என்னும் முடிவே ஆற்றில் எவ்வளவு உப்பு சேரும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

தொடக்கத்தில் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டுக் கழிவின் நிறத்தை நீக்கின. கரைந்த உப்பை அம்முறையால் நீக்க இயலாது. வெளியேறும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. மேற்கூறிய சாயநீரிலோ உப்பு மட்டுமே 60,000 மில்லிகிராம்! அலசும் நீர் கலந்து அளவு குறைந்தாலும், அது வரம்பிற்குள் அடங்குவதெங்ஙனம்? கண்ணுக்குத் தெளிந்த நீர் நிலத்திற்கு நஞ்சாயிற்று.

அணையும் உழவரும்

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்திற்கென எழுப்பப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. உவர்நீர் பாய்ந்த மண் கெட்டது, பயிர் வாடியது, கிணறுகளும் உவர்த்தன. அணையில் நீர் தேக்க வேண்டாம் என்று பாசன உழவர்களே வேண்டும் நிலை வந்தது. அணை வேண்டும், நீர் வேண்டும் என்று போராடுவதே உழவர் வழக்கம். நீரைத் தேக்காதீர் என்று அவர்கள் கேட்க நேர்ந்ததைவிடத் துயரமான முரண் வேறுண்டோ?

ஒருவர் செய்யும் தொழிலின் தீமை அத்தொழிலில் தொடர்பில்லாத மற்றொருவர் மேல் விழுமாயின், அதைப் பொருளியலார் புறச்செலவு என்பர். ஆங்கிலப் பொருளியலறிஞர் ஆர்தர் பிகு 1920-லேயே இக்கருத்தை விளக்கினார். ஒரத்துப்பாளையத்து உழவர் பனியன் விற்றவரல்லர், வாங்கியவருமல்லர். எனினும் பனியனின் செலவில் ஒரு பகுதியைத் தம் நிலத்தால் செலுத்தியவர் அவரே. சூழல் இழப்பை மதிப்பிட அமைந்த ஆணையம் 2004-இல் நொய்யல் வடிநிலத்தில் 28,000-க்கும் மேற்பட்ட உழவர்க்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு வகுத்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட இல்லை. கெட்ட மண்ணுக்கு அது ஈடாகுமா என்பதை உழவரே அறிவர்.

நீதிமன்றம் வகுத்த நெறி

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலால் பாலாறு கெட்டது குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் வலியுறுத்தியது. நொய்யல் ஆயக்கட்டு உழவர் தொடுத்த வழக்கிலும் அந்நெறியே வழிகாட்டிற்று. கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத நிலையை எய்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 திசம்பரில் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால், 2011 சனவரி 28 அன்று சாய ஆலைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் பணித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் அடைபட்டன. துணிகள் வெளியூர்க்கும் வெளிமாநிலங்கட்கும் சாயமேற்ற அனுப்பப்பட்டன. ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் தளரும் என்பதைத் திருப்பூர் அன்று கண்கூடாகக் கண்டது.

கழிவே ஆக்கமாதல்

தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளிக்க முன்வந்தது, தொழில்முனைவோரும் பெருமுதலிட்டனர். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புத்துருப் பெற்றன. அவை இயங்கும் முறை வருமாறு:

முதலில் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. அடுத்து, நுண்சவ்வுகளின் வழியே நீர் வடிகட்டப்படுகிறது. பின்னர், ‘ஆர்.ஓ.’ எனப்படும் எதிர்ச்சவ்வூடு பரவலால் நீரின் பெரும்பகுதி தூய்மையாகி மீண்டும் சாய ஆலைக்கே செல்கிறது. எஞ்சும் செறிந்த உப்புநீர் ஆவியாக்கிகளில் காய்ச்சப்பட்டு, அதனின்றும் உப்பு பிரித்தெடுக்கப்படுகிறது. அவ்வுப்பும் உப்புநீரும் மறுபடி சாயமேற்றப் பயன்படுகின்றன. ஆற்றில் கொட்டப்பட்ட ஒன்று இவ்வாறு தொழிலின் மூலப்பொருளாக மாறியது.

இதனால் எல்லாம் தீர்ந்ததென எண்ணலாகாது. உப்புநீரைக் காய்ச்ச மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பகுதிகளில் நிறுவப்பட்ட காற்றாலைகள் இத்தொழிலின் மின்தேவைக்கு ஒருவகையில் துணைபுரிகின்றன. காற்றோ பருவத்தை ஒட்டியே வீசும். மறுபயனுக்கு உதவாத கலப்பு உப்பும் கசடும் எளிதில் தீராத சிக்கல்களாக உள்ளன. இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. சுத்திகரிப்பின் செலவைச் சாய ஆலை ஏற்கிறது. அதே துணியைச் சுத்திகரிப்பின்றி மலிவாகத் தரும் வேறொரு நாட்டோடு அது விலையில் போட்டியிட வேண்டியுள்ளது. தூய்மையைக் கேட்கும் கொள்முதலாளர், தூய்மைக்குரிய விலையையும் தருதல் முறையன்றோ?

மனிதக் கண்ணி

நீர் பள்ளம் நோக்கிப் பாய்வதுபோலச் சங்கிலியில் நெருக்கடியும் கீழ்நோக்கியே பாய்கிறது. கொள்முதலாளர் காலக்கெடுவைச் சுருக்கினால், அச்சுருக்கம் ஏற்றுமதியாளரைக் கடந்து, கூலிக்குத் தைப்பவரைக் கடந்து, இறுதியில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவரின் இரவுத் தூக்கத்தில் வந்து முடிகிறது. ஆற்றுக்கு நேர்ந்த புறச்செலவு இங்கு மனித உடலுக்கு நேர்கிறது.

கொங்கு நூற்பாலைகள் சிலவற்றில் நிலவிய சுமங்கலித் திட்டம் இதற்குச் சான்று. வறிய குடும்பத்து இளம்பெண்கள் ஆலை விடுதியில் தங்கி ஏறத்தாழ மூன்றாண்டு உழைத்தால், திருமணத்திற்கென ஒரு தொகை இறுதியில் தரப்படும் என்பது ஒப்பந்தம். இடையில் விலகினால் அத்தொகையை இழக்க நேரும். நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011-இல் வெளியிட்ட அறிக்கை இதனை உலகறியச் செய்தது.

மாற்று வழிகளும் பிறந்துள்ளன. வங்கதேசத்தின் இராணா பிளாசா கட்டடம் 2013-இல் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டபின், கொள்முதல் நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்பாடு அங்கே உருவாயிற்று. நம் மாநிலத்தில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலைத் தொழிலாளிப் பெண் ஒருவர் 2021-இல் கொல்லப்பட்டதை அடுத்து, 2022-இல் திண்டுக்கல் உடன்பாடு கையெழுத்தானது. மகளிர் தலைமையிலான தொழிற்சங்கம், ஏற்றுமதி நிறுவனம், அயல்நாட்டுக் கொள்முதல் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பினரும் அதில் கட்டுப்பட்டனர். பணியிடப் பாலியல் வன்முறையைத் தடுக்கும் பொறுப்பு கொள்முதல் ஆணையோடு பிணைக்கப்பட்டதே அதன் தனிச்சிறப்பு. பொறுப்பும் சங்கிலியின் வழியே மேல்நோக்கிச் செல்லக்கூடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நீடித்த வளர்ச்சி என்று ஐக்கிய நாடுகள் அவையின் புருண்ட்லாண்ட் குழு 1987-இல் வரையறுத்தது. நொய்யல் அவ்வரையறையோடு ஒன்றைக் கூட்டிச் சொல்கிறது: இன்றைய தலைமுறையிலேயே கரையின் கீழ்ப்புறத்தில் வாழ்பவரையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். விலையில் சேர்க்காமல் விட்ட செலவு மறைந்து போவதில்லை. அது கேட்கத் திறனில்லாதவர் தலையில் இறங்குகிறது. என்றேனும் ஒருநாள் அவர் நீதிமன்றப் படியேறுவார். அன்று அச்செலவு வட்டியோடு திரும்பி வரும். திருப்பூர் இதனைக் கற்றது 2011-இல். கொடுத்த விலை பெரிது.

கொங்கு நாட்டு மாணவர் பலரின் இல்லங்கள் இச்சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணியைச் சார்ந்தவை. ஒரு கிலோ துணிக்குச் செலவான நீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு, ஒரு பனியனைத் தைத்த கைகளுக்குக் கிடைத்த ஓய்வு எவ்வளவு என்று கணக்கிடும் சிறு ஆய்வுகளை அவர்கள் தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். அக்கணக்கு எழுதப்படும் நாளில்தான் ஆடையின் விலைச்சீட்டில் ஆற்றின் விலையும் உழைப்பின் விலையும் ஒருங்கே இடம்பெறும்.