உயரம் கேட்கும் மெஷின்

வென்டிலேட்டர் எபிசோடைக் கேட்டுட்டு சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "மூச்சு கொடுக்கிற மெஷினே நுரையீரலைக் கெடுக்குமா?" கெடுக்கும். ரெக்கார்டிங்ல நேரம் பத்தல, அதனால இங்கே எழுதுறேன்.

ஏ.ஆர்.டி.எஸ். வந்த நுரையீரலில் பெரும்பகுதி நீர் கோத்து மூடிக் கிடக்கும். காற்று போகிற இடம் ஒரு சின்னக் குழந்தையோட நுரையீரல் அளவுதான். இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி சி.டி. ஸ்கேன்களைப் பார்த்து அதுக்கு 'குழந்தை நுரையீரல்' என்றே பேர் வைத்தார். பெரியவருக்கான காற்றை அதுக்குள்ள தள்ளினா, மிச்சமிருக்கிற நல்ல பகுதியும் இழுபட்டுப் புண்ணாகும்.

2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதை நிரூபிச்சது. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லி. இன்னொன்றுக்கு 6 மில்லி. அதோட நுரையீரலுக்குள் அழுத்தம் 30 செ.மீ. நீருக்கு மேல போகக் கூடாது. இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேற விஷயம்: முதல் சில நாட்களில் ஆக்சிஜன் அளவு நல்லா இருந்தது 12 மில்லி குழுவுக்குத்தான்! டாஷ்போர்டு பச்சையா இருக்கு, ஆள் போய்க்கிட்டிருக்கார். சாஃப்ட்வேர்க்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

சரி, அது எந்தக் கிலோ? தராசுக் கிலோ இல்லை. தொப்பை போட்டா நுரையீரல் வளராது. உயரத்தையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிடுற எடை அது. பெண்ணுக்கு 45.5 உடன், உயரத்தில் 152.4 செ.மீ.க்கு மேல் உள்ள ஒவ்வொரு செ.மீ.க்கும் 0.91 கூட்டணும், குறைந்தா கழிக்கணும். ஆணுக்கு 50-ல ஆரம்பம். 150 செ.மீ. அம்மா ஒருத்தருக்கு 43 கிலோ, அதாவது மூச்சுக்கு சுமார் 260 மில்லி. படுத்திருப்பவரைக் கண்ணால பார்த்து "165 இருப்பாங்க"ன்னு போட்டா 340 மில்லி போகும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். உயரம் குறைந்தவங்களுக்கும் பெண்களுக்கும் இப்படிக் கூடுதலாப் போவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கு. நம்ம ஊர் அம்மாக்கள் எந்தக் கணக்கில வருவாங்கன்னு சொல்லணுமா?

சூரிச்சிலிருந்து கூர் தாண்டிப் போனா பொனாடூஸ்னு ஒரு ஊர். வென்டிலேட்டர் செய்யுற ஹாமில்டன் மெடிக்கலோட தலைமையகம் அங்கேதான். அவங்களோட ஏ.எஸ்.வி. முறையில், 1950-ல ஓட்டிஸும் சகாக்களும் எழுதிய சமன்பாட்டை வைத்து, குறைந்த உழைப்பில் மூச்சு விடுற வேகத்தையும் அளவையும் மெஷினே ஒவ்வொரு மூச்சுக்கும் திருத்திக்கிட்டே இருக்கும். அருமையான இன்ஜினியரிங். ஆனா அதுவும் முதல்ல கேட்கிறது உயரமும் பாலினமும்தான். அங்கே தப்பா டைப் பண்ணினா, தப்பையே ரொம்பத் துல்லியமாச் செய்யும். ஒரு சாதாரண டேப்பைக் கட்டில்ல வைச்சு அளந்தாலே போதும்.

(குப்புறப் படுக்கவைக்கிற சிகிச்சை தனி எபிசோடாவே வருது.)

சுவிஸ் பாஸ்போர்ட்டில் உயரம் அச்சாகியிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் கிடையாது. நேற்று ஊருக்குப் போன் போட்டு, "உன் ஹைட் எவ்வளவும்மா?"ன்னு கேட்டேன். "உன் தோளுக்கு வருவேன்டா"ன்னாங்க. பொங்கலுக்குப் போகும்போது டேப் எடுத்துட்டுப் போறேன்.