ஃபோர் வீலே போடாத ஜீப்பில் தேய்வது எது?

பெரியப்பாவிடம் ஒரு பழைய எம்.எம்.540 இருக்கிறது. காரைக்காலில் பதிவான வண்டி. மகிந்திரா ஜீப்தான், ஆனால் உள்ளே ஓடுவது பெஜோ வடிவமைத்த டீசல் எஞ்சின். பிரெஞ்சுக்காரர்கள் 1954ல் ஊரை விட்டுப் போனார்கள், அவர்கள் எஞ்சின் மட்டும் மும்பை வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்று பெரியப்பா சிரிப்பார்.

போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து வண்டிக்குள் ஊளை மாதிரி ஒரு சத்தம். நிறுத்தும் இடத்தில் எண்ணெய்ச் சொட்டு வேறு. டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிருக்கும்னு சொன்னேன். "நான்தான் ஃபோர் வீலே போடுறதில்லையேடா, அது எப்படித் தேயும்?" என்றார். நியாயமான கேள்விதான். நாலு வீல் ஜீப் வைத்திருக்கிற பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். வீட்டிலேயே கழற்றிப் பார்த்தபோது கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த வார்ப்பிரும்புப் பெட்டி, இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் ஸ்பைசர் 18 என்ற வடிவத்தின் வாரிசு. பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் போகும் ஷாஃப்டுகள் கியர் பாக்ஸுக்கு நேர்க்கோட்டில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கின்றன. அதனால் மேலேயிருந்து வரும் சுழற்சியைக் கீழே பக்கவாட்டில் இருக்கும் ஷாஃப்டுக்குக் கடத்த நடுவில் ஒரு கியர் தேவை. விஷயம் இதில்தான் இருக்கிறது. பின்னாளில் வந்த சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் சாதாரண ஓட்டத்தில் சக்தி நேராகப் பின்பக்கம் போய்விடும். இதில் அந்தக் குறுக்கு வழி கிடையாது. டூ வீலோ ஃபோர் வீலோ, ஹையோ லோவோ, வண்டி நகரும் ஒவ்வொரு அடிக்கும் முழுச் சுமையும் அந்த நடு கியர் மேல்தான். திருநள்ளாறுக்கு தார் ரோட்டில் போய்வந்தாலும் அது உழைத்துக்கொண்டே இருக்கும்.

கழற்றாமலே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு கட்டை கொடுத்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்து, மெயின் கியரை டாப்பில் போட்டு கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, நடு கியர் மட்டும் சுற்றும். அப்போதும் சத்தம் வந்தால் கிரவுனையோ கிராஸையோ சந்தேகிக்க வேண்டாம். எங்கள் வண்டியில் வந்தது.

ஆயிலை இறக்கினோம், பால் கலந்த டீ நிறம். பெரியப்பா வெள்ளத்தில் ஓட்டியிருக்கிறார். ஓடிச் சூடான பெட்டி சட்டென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அரசலாறு கடலில் கலக்கும் பக்கத்தில் அது நல்ல தண்ணீர்கூட இல்லை. உப்புத் தண்ணீர் பேரிங் ஊசிகளில் துருப்புள்ளி வைத்துவிட்டது.

கழற்றும்போது முதல் எச்சரிக்கை ஹேண்ட் பிரேக். பழைய ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க டிரம்மைத்தான் பிடிக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றிய அந்த நொடியிலிருந்து ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாததுதான். நாலு சக்கரத்துக்கும் கட்டை, சேஸுக்குக் கீழே ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

ஷாஃப்டு, ஸ்பீடோ கேபிள், லீவர்கள் எல்லாம் சொன்னபடி வந்துவிடும். பின்மூடியைத் திறந்து காட்டர் பின், நட், மெயின் டிரைவ் கியர் மூன்றையும் எடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அப்படியே இழுத்தால் கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சேர்ந்து வரும். உள்ளே இருக்கும் சாமான்கள் கொட்டிவிட்டால் ஒரு வேலை இரண்டு வேலையாகிவிடும். மெயின் ஷாஃப்டைக் கம்பி போட்டு முன்னால் இழுத்துக் கட்டி வைப்பது பழைய வழக்கம். நாங்களும் அதைத்தான் செய்தோம். பெட்டியைக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும், நெஞ்சில் தாங்குகிற எடை இல்லை.

நடு கியர் சுற்றும், அதைத் தாங்கும் ஷாஃப்டு சுற்றக் கூடாது. அது திரும்பாமலிருக்க ஓரத்தில் ஒரு சின்ன பூட்டுத் தகடு உண்டு. எங்கள் வண்டியில் அந்தத் தகட்டின் போல்ட் லூசாக இருந்தது. முன்பு கை வைத்த யாரோ சரியாக முறுக்கவில்லை. ஷாஃப்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி, பெட்டியின் துளையையே முட்டை வடிவமாக்கிவிட்டது. சத்தத்துக்கும் கசிவுக்கும் அதுவே காரணம்.

ஆகவே பாகங்கள் வாங்க ஓடுவதற்கு முன் புது ஷாஃப்டு ஒன்றை மட்டும் கொண்டுவந்து துளையில் நுழைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங், வாஷர், சீல் எல்லாம் புதுசாகப் போட்டாலும் ஆறு மாதத்தில் அதே சத்தம் வரும். வீட்டு வேலை அங்கே நின்றுவிடுகிறது. துளையை போர் அடித்து புஷ் போட வேண்டும். இரண்டு பக்கத் துளையும் ஒரே கோட்டில் வர வேண்டும், மற்ற ஷாஃப்டிலிருந்து இருக்கும் தூரமும் மாறக் கூடாது. படகு எஞ்சின் வேலை செய்யும் ஒரு லேத்து பட்டறையில் கொடுத்தோம். அங்கே இருந்தவர் பெட்டியை மிஷினில் கட்டி நேர் பார்க்கவே பாதி நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பொறுமைக்குத்தான் காசு.

திரும்பப் பூட்டுவதில் மூன்று இடங்களில் தடுமாறினேன். நடு கியரின் இரு பக்க வாஷருக்கும் ஒரு மூக்கு உண்டு. அது பெட்டியின் பள்ளத்தில் உட்கார வேண்டும், கிரீஸ் தடவி ஒட்டவைத்தால் விழாது. லீவர் கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், தொலைப்பதற்கென்றே செய்த சைஸ். ஃபோர் வீல் போடாமல் லோ விழாதபடி தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் லோவின் சுமார் இரண்டரை மடங்கு முறுக்கு முழுவதும் பின் ஆக்ஸில் மேல் விழும். மூன்றாவது ஷிம். வெளியே போகும் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் வர வேண்டும். பின்மூடியை மூன்று முறை கழற்றி மாட்டினேன். இறுக்கிவிட்டால் பேரிங் எரியும், விட்டுவிட்டால் சீல் போகும். டயல் கேஜ் லேத்துக்காரர் கடன் கொடுத்தது.

புது ஆயில் ஒன்றரை லிட்டர் ஊற்றினோம். 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறக்கிப் பார்த்தேன். வடிகால் போல்டில் சாம்பல் மாதிரி கொஞ்சம் பொடி, துண்டு எதுவும் இல்லை. ஊளை நின்றுவிட்டது. முன்பக்க சீலில் மட்டும் இன்னும் ஒரு சொட்டு நிற்கிறது. "ஜீப்னா சொட்டும்" என்கிறார் பெரியப்பா. அடுத்த மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.