காற்று சும்மா கிடைக்கும்; அழுத்தினால் காசு



மளிகையில் சேர்த்த முதலைக் கொண்டு பிள்ளைகளுக்கு லேத் பட்டறை வைத்துத் தருவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக இது.

இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க, எண்ணெய் கலந்த தண்ணீரான கூலண்ட் ஊற்றுவது வழக்கம். நாளானால் அது நாறும். தொழிலாளியின் கையில் அரிப்பு வரும். கழிவை அகற்றவும் செலவு.

இதற்கு மாற்று, குளிர்காற்றுக் குழாய். பிரான்சைச் சேர்ந்த ரான்க் 1930களில் உருவாக்கியது. ஜெர்மானியர் ஹில்ஷ் 1947இல் எழுதிய கட்டுரையால் பரவியது. கம்ப்ரசர் காற்று குழாய்க்குள் சுழன்று, ஒரு முனையில் சூடாகவும் மறுமுனையில் கடுங்குளிராகவும் வரும். அசையும் பாகமே இல்லை. இரும்புச் சுருளும் உலர்ந்தே கிடக்கும். பழைய இரும்பு வாங்குபவர் ஈரத்துக்கு எடை கழிக்க வழியில்லை.

ஆனால் நிமிடத்துக்கு 15 கன அடி காற்று கேட்கும் குழாய்க்கு, ஏறக்குறைய 4 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஓட வேண்டும். காற்று வழுவழுப்பும் தராது. ஆழத் துளையிட எண்ணெயே வேண்டும். சாணை பிடிக்க, பிளாஸ்டிக் கடைய இது நன்று.

ஏற்றுகூலியும் சேதாரமும் பார்க்காமல் மூட்டைக்கு விலை போடுவோமா? குழாய் விலையோடு மாதாந்திர மின்கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தே வாங்குங்கள்.