வண்டி தண்ணீர் குடிக்கிறதா?

மாலை நேரம். அஞ்செட்டியில் இருந்து தேன்கனிக்கோட்டைக்கு வரும் சாலை. இரு பக்கமும் காடு.

பழைய டெம்போ வேன் ஒன்று ஓரமாக நிற்கிறது. பின்னால் தக்காளிக் கூடைகள். முன்னால் குபுகுபு என்று ஆவி!

டிரைவர் தண்ணீர் தேடுகிறார். பக்கத்தில் வீடும் இல்லை, கிணறும் இல்லை. இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும். யானை நடமாடும் காடு அது. 2014-ம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட காடுகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. கேட்டால், "நேற்றுகூட நன்றாகத்தான் ஓடியது. என்ன, கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். அவ்வளவுதான்!" என்பார்கள்.

வண்டி தண்ணீர் குடிக்காது. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். அது குறைகிறது என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

குடித்த வண்டி ஒன்று உண்டு

உண்மையிலேயே தண்ணீர் குடித்த மோட்டார் வண்டி ஒன்று இருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் செய்த மூன்று சக்கர வண்டிதான் அது.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவருடைய மனைவி பெர்த்தா அந்த வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கணவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை! இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரில் இருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோ மீட்டருக்கு மேல் தூரம்.

அந்த வண்டியில் இந்தக் காலத்து ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். அந்த வழியில்தான் என்ஜினின் சூடு தணியும். எனவே பெர்த்தா வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லை பிறகு தீர்ந்தது. 1901-ம் ஆண்டு வந்த மெர்சிடஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்து கொடுத்தார். அதில் சுமார் 8 ஆயிரம் சிறு குழாய்கள். அவற்றுக்குள் காற்று புகுந்து ஓடும். சுற்றியுள்ள தண்ணீர் ஆறும். அதே தண்ணீர் மறுபடி என்ஜினுக்குப் போகும்.

அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வண்டி குடம் குடமாகத் தண்ணீர் கேட்டால், அதை வழக்கம் என்று விட்டுவிடலாமா?

மூடி என்பது வெறும் மூடி அல்ல

கடற்கரை ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தேன்கனிக்கோட்டை மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இதைத் தடுப்பது எது தெரியுமா? ரேடியேட்டர் மூடி!

வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறதே, அதே கதைதான். உள்ளே அழுத்தம் ஏறினால், தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரி கூடும். மூடியின் ரப்பர் வெடித்துப் போனால் அழுத்தம் நிற்காது. குக்கரின் கேஸ்கெட் போனால் பருப்பு வேகுமா?

பல வண்டிகளில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஓட்டை அகப்படாது. கடைசியில் குற்றவாளி இந்த மூடியாக இருக்கும். விலை குறைந்த சாமான். முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

ஆனால் என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. திறந்த உடனே கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆறிய பிறகும் கனத்த துணியைப் போட்டு, மெதுவாகத் திருக வேண்டும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுவதும் ஆபத்து. இரும்பு விரிசல் விட்டுவிடும்.

படித்த தாளை விரியுங்கள்

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. படித்து முடித்த செய்தித்தாளை இரவில் என்ஜினுக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் ஈரம் என்று பாருங்கள். அதற்கு நேர் மேலே தேட வேண்டும்.

ரப்பர் ஹோஸ் மாட்டிய இடத்தில் ஈரம் இருந்தால், கிளிப்பை முறுக்கினாலே நின்றுவிடக்கூடும். ஹோஸ் பிசுபிசுவென்று இருந்தாலும், வெடிப்பு விட்டிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதன் வழியே சொட்டினால், பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை அடைக்கக் கூடாது. அது எச்சரிக்கை செய்வதற்கென்றே வைத்த துளை!

சில வண்டிகளில் தாள் காய்ந்தே இருக்கும். சூட்டில் கசிந்த நீர் அங்கேயே ஆவியாகிவிடும். இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மஞ்சள் தூள் வைத்தியம்

இப்போது காட்டில் நிற்கும் டெம்போவுக்கு வருவோம். டிரைவர் கைவசம் மஞ்சள் தூள் இருந்தால் கவலை இல்லை. ஆறிய ரேடியேட்டரில் இரண்டு கரண்டி போட்டு, தண்ணீர் விட்டு ஓட்டினால், தூள் ஊறி உப்பிச் சின்ன ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். மேல்நாட்டில் மிளகுத் தூளும் முட்டை வெள்ளைக்கருவும் போடுவது உண்டு.

இதைக் கேலி செய்ய வேண்டாம். ஊர் வந்து சேர உதவும். ஆனால் ஊர் வரைக்கும்தான்! ஓட்டையை அடைத்த தூள் நல்ல குழாயையும் அடைக்கும். ஏற்கெனவே போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரேடியேட்டர் பாழ்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் அப்படி அல்ல. பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. வெளியே ஒரு சொட்டும் இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, ஆயில் கம்பியை இழுத்தால் பால் கலந்த காப்பி நிறம்! இப்படியானால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இது சின்னக் கசிவு அல்ல. ஓட்டிக்கொண்டு போகாமல், கட்டி இழுத்துப் போவதே லாபம். ஓட்டினால் ஹெட் வளையும். வாடகை ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பல மாத வருமானம்.

சூடு காட்டும் முள்ளையும் முழுக்க நம்ப முடியாது. தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டால் அது சூட்டைச் சரியாகக் காட்டாமல் இருந்துவிடலாம்.

பழுது பார்த்த பிறகு, வெறும் போர் தண்ணீரை ஊற்றாமல், கூலண்டும் வாலைவடி நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய விஷம். தரையில் கொட்டினால் நாய் நக்கும், ஆடு குடிக்கும். குழந்தைகள் கையில் எட்டாத இடத்தில் டப்பாவை வைக்க வேண்டும்.

பிறகு ஒரு வாரம், தினமும் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். குறையவில்லை என்றால் அடியில் விரித்த தாளை எடுத்துவிடலாம்.